என் வீட்டுக்காரரின் ஷூ ஏன் தேயவில்லை

1

இன்று சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் நான் பகல் சாப்பாடு சாப்பிடுவதில்லை. சாப்பிட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தால் கை தானாகப் பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போகிறது. அதற்கு வேலை கொடுக்கத்தான் வாராவாரம் இப்படி எழுத உட்கார்கிறேன். ஆகவே நடுநடுவே சாப்பாட்டுப் பேச்சு தலைகாட்டினால் ஊரில் இருக்கிற நீங்கள் கண்டுகொள்ளக் கூடாது. போன வாரம் பக்தியைப் பற்றி ஆரம்பித்துக் கருவாட்டுக் குழம்பில் முடித்துவிட்டேன். புரட்டாசி மாசத்தில் அப்படி எழுதலாமா என்று ஊரிலிருந்து என் நாத்தனார் போன் போட்டுக் கேட்டாள். எழுதத்தானே செய்தேன், சாப்பிடவில்லையே.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுமதி. பள்ளிகொண்டா பக்கத்துக் கிராமம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கராக இருந்தேன். வீட்டுக்காரர் தாமோதரன் நர்ஸ். அவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்ததும் மூட்டை கட்டிக்கொண்டு லெஸ்டர் என்கிற இந்த ஊருக்கு வந்தோம். எனக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரே மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. அவள் என்னவாக இருக்கிறாள் என்று பின்னால் சொல்கிறேன், அது தனிச் சங்கடம்.

எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் இரண்டு பேருக்குப் பூஜை நடக்கிறது. ஒருவர் பள்ளிகொண்டா பெருமாள். இன்னொன்று வீட்டுக்காரரின் சர்க்கரை. சர்க்கரை வந்தது போன வருஷம். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் விரலில் குத்திப் பார்க்கிறவர், ஒரு நாள் விளையாட்டுக்குத் தன் விரலில் குத்திப் பார்த்தார். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் மெஷின் ரிப்பேர் என்றார். மூன்று மெஷின்கள் ஒரே மாதிரி ரிப்பேர் ஆனபிறகுதான் ஒப்புக்கொண்டார்.

எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. என் மாமனாருக்குச் சர்க்கரையில் கால் விரல் ஒன்று போனது. வரப்பில் குத்திய முள்ளை அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். பிறகு அந்தக் காலுக்குத் தினமும் துணி மாற்றிக் கட்டியவள் நான்தான். அந்த வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. இதையெல்லாம் வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, என் வீட்டுக்காரர் கால் விஷயத்தில் எனக்கு உள்ளுக்குள் நிஜமாகவே பயம்.

டாக்டர் தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். நான் என் பங்குக்குப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். சர்க்கரை இறங்கினால் ஊருக்கு வந்து தளிகை போடுகிறேன், அதுவரை சனிக்கிழமை பகலில் சாப்பிட மாட்டேன் என்று. இந்த ஏற்பாட்டில் நான் பட்டினி, அவர் நடை. அவருக்கு நடையில் அவ்வளவு இஷ்டமில்லை. பூஜை அலமாரியில் இருக்கிற படத்தைக் காட்டி, "நம்ம பெருமாளே படுத்துக்கினு இருக்காரு. என்னை மட்டும் நட நடன்னா இன்னா நியாயம்?" என்றார். கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டு, ஒரு முழு டம்ளர் மோர் குடித்துவிட்டு, நடக்க ஒப்புக்கொண்டார்.

2

நடக்க ஷூ வேண்டுமே. அதில்தான் வந்தது வினை.

எங்கள் பக்கத்து மனுஷர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரையாவது புதிதாகப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டோம். குனிந்து ஷூவைப் பார்ப்போம். செருப்புக் கடைக்குள் போனால் போட்டுப் பார்க்க மாட்டோம். கையில் எடுத்து மூக்கில் வைத்து இழுப்போம், முன்பக்கத்தை மடக்கிப் பார்ப்போம், கட்டைவிரலால் அழுத்தித் தோல் எப்படிச் சுருங்கி எப்படி விரிகிறது என்று பார்ப்போம். லெஸ்டரில் கடைப் பெண்கள் என்னைக் கண்டாலே ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தி ஒரு முறை கிட்டே வந்து, மெதுவாக, உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள்.

கம்பெனியில் எங்கள் மேஜைக்கு ஒவ்வொரு ஜோடியாக வரும். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இரண்டு கால் நிறமும் ஒன்றா என்று பார்ப்போம். எங்கே குறை இருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவோம். ஆரோ என்பது அதன் பெயர். ஆரோ ஒட்டியது திரும்பிப் போகும். சரியாக இருந்தால் ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் எங்கள் நம்பரைக் குத்துவோம். என் நம்பர் முப்பத்தாறு. எதிர் மேஜை தில்ஷாத்தின் நம்பர் நாற்பத்திரண்டு.

தில்ஷாத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். என் டப்பாவில் இருக்கிற புளிக்குழம்பு அவளுக்கு, அவள் டப்பாவில் இருக்கிற தால்சா எனக்கு. யாழினி வயிற்றில் இருந்தபோது எனக்காக உப்பு மிளகாய் தடவிய மாங்காயைத் துப்பட்டாவில் முடிந்து கொண்டுவருவாள். சூப்பர்வைசர் பார்த்தால் மேஜைக்கு அடியில் குனிந்து மென்றுவிட்டு எழுந்திருப்பேன். நான் வேலையை விட்டு வந்த கடைசி நாளன்று அவள்தான் ஆரோ ஸ்டிக்கர் சுருள் ஒன்றை என் பைக்குள் போட்டாள். அங்கே போய் எதையாவது செக் பண்ணாமல் உனக்குத் தூக்கம் வராது என்றாள்.

சித்திரையில் என் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். கடைத்தெருவில் தள்ளுபடி போட்ட ஒரு கடைக்குள் போனோம். வழக்கம்போல ஒன்றொன்றாக மோந்துகொண்டே போனேன். ஒரு கறுப்பு ஷூ கையில் வந்ததும் எனக்கு என்னவோ செய்தது. தையல் ஓட்டம் தெரிந்த ஓட்டமாக இருந்தது. நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

கடை நடுவிலேயே அழுதுவிட்டேன். தில்ஷாத் கையால் தொட்டு, தட்டி, தூசி ஊதி, நம்பர் குத்திய ஷூ கடல் தாண்டி வந்து என் கையில் இருக்கிறது. கடைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் வீட்டுக்காரர் முதுகைத் தடவினார். இதையேதான் வாங்க வேண்டும் என்றேன்.

அவர் போடுவது ஒன்பது. இருந்தது எட்டு மட்டும்தான். ஒன்பதாம் நம்பர் எல்லாம் விற்றுப் போயிருந்தது.

இங்கே வேறு ஊர்க்காரி யாராக இருந்தாலும் ஷூவைத் திரும்ப வைத்துவிட்டு வந்திருப்பாள். நாங்கள் தோல் ஊர்க்காரர்கள். அசல் தோல், போடப் போட விட்டுக் கொடுக்கும், பத்து நாளில் காலுக்கு ஏற்றபடி ஆகிவிடும் என்றேன். அவர் உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டார். எழுந்து நின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கச்சிதமா இருக்குது" என்றார்.

பார்த்தால் அவர் கண்ணிலும் தண்ணீர். என் மேலும் என் சிநேகிதி மேலும் இந்த மனுஷருக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. இருவரும் கை கோத்துக்கொண்டு வெளியே வந்தோம். அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தார்.

3

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கு இப்படி. சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் கேழ்வரகுக் கஞ்சி. பிறகு அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்புவார். ஒரு மணி நேரம் கழித்து வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவார். நான் வாசலிலேயே நின்று, எவ்வளவு தூரம் என்று கேட்பேன். ஜாஸ்திதான் என்பார். உடனே ஒரு வெள்ளரிக்காய் கொடுப்பேன்.

தில்ஷாத் கொடுத்த ஆரோ சுருள் எங்கள் வீட்டில் நன்றாகப் பயன்பட்டது. சர்க்கரை டப்பாவில் ஓர் ஆரோ. ஃப்ரிட்ஜில் அவர் ஒளித்து வைக்கும் வெண்ணெய்க்கு ஓர் ஆரோ. அவருடைய தொப்பைக்குத் தூங்கும்போது ஓர் ஆரோ. அதோடு சட்டை போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். உடை மாற்றுகிற அறையில் கூட வேலை செய்கிறவர்கள் இது ஏதாவது ஆபரேஷனுக்கு அடையாளமா என்று கேட்டார்களாம்.

யாழினியின் படுக்கைமேல் நான் ஒட்டிய ஆரோவை அவள் எடுத்து என் கைப்பை மேல் ஒட்டினாள். பை நல்ல ஆட்டுத்தோல், வாணியம்பாடியில் பதப்படுத்தியது. அதில் என்ன குறை கண்டாய் என்று கேட்டேன்.

"அம்மா, அது ஒரு ஆடு" என்றாள்.

சங்கடம் என்று சொன்னேனே, இதுதான். என் மகள் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், முட்டை, தேன் எதுவும் கூடாது. தோலும் கூடாது. அவள் படித்த பள்ளிக்கூட ஃபீஸ், போட்ட கவுன், குடித்த பால்மாவு எல்லாமே ஆம்பூர்த் தோலில் வந்தது என்று எடுத்துச் சொன்னேன். அதற்காக அந்த ஆடுகளிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னாள். புரட்டாசி மாசத்தில் நாங்கள் கறி சாப்பிடாமல் இருப்பதை மட்டும் மனசாரப் பாராட்டினாள். வருஷம் முழுக்கப் புரட்டாசியாக இருந்தால் என்ன என்று கேட்கிறாள். பெருமாளே இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இப்படியே மாசங்கள் போயின. வெயில் காலத்தில்கூட என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் சாக்ஸோடு இருக்க ஆரம்பித்தார். கேட்டால் குளிர் என்றார். துரைமார் பழக்கம் வந்துவிட்டது என்று ஊருக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஆவணியில் டெஸ்ட் எடுத்தபோது முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். எனக்குக் கோபம் பெருமாள் மேல் வந்தது. அலமாரி முன்னால் நின்று, நான் வாராவாரம் பட்டினி கிடக்கிறேன், அவர் தினம் நடக்கிறார், நீங்கள் உங்கள் பங்குக்கு என்ன செய்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். அந்த வாரம் துளசிகூட வைக்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4

புரட்டாசி முதல் சனிக்கிழமை. இங்கே இருக்கிற கோயில் முன்பு ஏதோ கிடங்காக இருந்த கட்டடம். உள்ளே பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கிறார். குஜராத்திகள், தெலுங்குக்காரர்கள், நம் ஆட்கள் எல்லோரும் வருவார்கள். சமையல் கைங்கரியத்துக்குப் பெரிய போட்டி. எனக்குக் கிடைத்தது வாசலில் செருப்பு அடுக்குகிற கைங்கரியம். யாருக்கும் வேண்டாத வேலை என்று கொடுத்தார்கள். நான் கேட்காமலே கிடைத்த வரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் அந்த வேலையை ஏற்றுக்கொண்ட முதல் வாரமே ஒரு தப்பு நடந்தது. நிர்வாகக் குழு அம்மா ஒருவரின் விலையுயர்ந்த செருப்பில் தையல் ஒன்று விட்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை, ஆரோ ஒட்டிவிட்டேன். அவர் அதோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறார். அதன்பிறகு கோயிலுக்குள் ஸ்டிக்கர் கொண்டுவரக் கூடாது என்று என்னிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது.

புரட்டாசி சனி என்பதால் அன்றைக்கு நல்ல கூட்டம், என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் அடுக்கிக்கொண்டே வந்தேன். நடுவில் என் வீட்டுக்காரரின் கறுப்பு ஷூ கைக்கு வந்தது. பாசத்தோடு நாக்கை இழுத்து நாற்பத்திரண்டைப் பார்த்துக்கொண்டேன். பிறகு பழக்கதோஷத்தில் திருப்பி அடியைப் பார்த்தேன்.

சோல் புதிதாக இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி, ஓரத்தில் இருக்கிற சின்னச் சின்னப் புள்ளிகூட மழுங்கவில்லை. தினம் ஒரு மணி நேரம் என்று அஞ்சு மாசம் நடந்த மனுஷனின் குதிகால் ஓரம் கொஞ்சமாவது சாய்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரு குஜராத்திப் பாட்டியின் செருப்பு அதைவிட அதிகமாக நடந்திருந்தது.

உள்ளே கோவிந்தா கோவிந்தா என்று குரல் எழுந்தது. என் வீட்டுக்காரரின் குரல்தான் எல்லாவற்றையும்விட ஓங்கிக் கேட்டது.

பஸ்ஸில் நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் வந்தால் அவருக்கு வேர்க்கும். வீட்டுக்குள் வந்ததும் ஷூவைக் கூடத்து மேஜைமேல் வைத்து, அடியைத் திருப்பி, ஓர் ஆரோ ஒட்டினேன். தினமும் சாயங்காலம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். பூங்காவுக்கு என்றார். போய் என்ன செய்கிறீர்கள் என்றேன். அவர் யாழினியைப் பார்த்தார். யாழினி போனைப் பார்த்தாள்.

"சொல்லிடவா அப்பா?" என்றாள்.

சொன்னாள். அப்பா தெரு முனையில் இருக்கிற பூங்காவில் நுழைந்ததும் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஒரு பஞ்சாபித் தாத்தாவோடு ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, எங்கள் தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் மட்டும் ஓடி வருவார். வேர்வை அந்த ஓட்டத்தில் வந்தது. இது அவளுக்குப் பள்ளி லீவிலேயே தெரியும். சொல்லாமல் இருந்ததற்குக் கூலியாகத்தான் அவளுக்கு முட்டையிலிருந்து விடுதலை கிடைத்ததாம். அவள் தட்டில் முட்டை வைக்காதே என்று அவர் எனக்கு அவ்வளவு அக்கறையாக எடுத்துச் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் இங்கே பட்டினி, நீங்கள் அங்கே அரட்டையா, உங்களால் பெருமாளைக்கூடப் பேசிவிட்டேனே என்று கத்தினேன். பெஞ்சில் உட்கார்ந்து சமோசா தின்றிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வலது கால் சாக்ஸைக் கழற்றினார்.

சுண்டுவிரல் பக்கத்தில் பிளாஸ்திரி. அதை அவரே பிரித்தார். உள்ளே கொப்புளம் உடைந்து சிவந்துபோயிருந்தது.

மாமனாரின் காலும் அந்த வாசனையும் நினைவுக்கு வந்தன. தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"கடையில நீ அப்படி அழுத. அந்த நம்பரப் பார்த்துட்டு. அப்புறம் சின்னதா இருக்குதுன்னு எப்படி சொல்றது? விட்டுக் குடுக்கும்னு நீதான சொன்ன. சரின்னு நானும் அஞ்சு மாசமா பார்க்கறேன். கால்தான் விட்டுக் குடுக்குது."

அப்படியானால் கடையில் கண் கலங்கியது?

"சுண்டுவிரலு" என்றார்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்ப்பதுதான் இவருக்கு வேலையே. சின்னக் காயத்தைக்கூட மறைக்காதீர்கள் என்று தினமும் பத்துப் பேருக்குப் பிரசங்கம் செய்கிறவர், ராத்திரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் காலுக்குத் தானே மருந்து போட்டிருக்கிறார். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் என்னைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் மேஜைக்கு அத்தனை வருஷமாக ஷூ வந்தது, ஷூ போனது. ஒரு நாளும் அதற்குள் ஒரு கால் வந்ததில்லை. தையல் எப்படி, பசை எப்படி, நிறம் எப்படி என்று பார்க்கத்தான் எனக்குத் தெரியும். இடிக்கிறதா என்று நான் யாரையும் கேட்டதே இல்லை, கட்டிய புருஷனைக்கூட.

யாழினி ஆரோ சுருளை எடுத்துவந்து, ஒன்றை என் கையிலும் ஒன்றை அவர் கையிலும் ஒட்டிவிட்டுப் போனாள்.

5

இங்கே கால் நர்ஸைப் பார்ப்பதற்குள் கால் தானாக ஆறிவிடும். போன் போட்டால் வரிசையில் இருக்கிறீர்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லி வயலின் வாசிப்பார்கள். நான் அந்த வயலினைக் கேட்டுக்கொண்டே அரிசி களைந்து, கீரை ஆய்ந்து, குழம்பு கூட்டி இறக்கிவிட்டேன். சர்க்கரை, கால், புண் என்று மூன்று வார்த்தைகளை ஒன்றாகச் சொன்னதும் மட்டும் மளமளவென்று மறுநாளே வரச் சொன்னார்கள்.

அந்த நர்ஸ் அம்மா நல்ல மாதிரி. என் வீட்டுக்காரர் அவருக்கே எப்படிக் கட்டுப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். நான் தொடையில் கிள்ளி நிறுத்தினேன். நர்ஸ் அம்மா ஷூவை வாங்கிப் பார்த்துவிட்டு, யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் திடீரென்று இங்கிலீஷ் மறந்துவிட்டது. பிறகு கம்ப்யூட்டரில் பதிய, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர் நர்ஸ் என்றார். நான், இப்போது சமையல், முன்பு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை என்று மறைக்காமல் சொன்னேன். நர்ஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

காயம் ஆழமில்லை, ஆறிவிடும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டும்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தில்ஷாத்துக்குப் போன் போட்டேன். ஷூ வாங்கியது, அழுதது, கொப்புளம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் நம்பரைப் பார்த்துத்தான் மதி மயங்கிவிட்டேன் என்றேன்.

"நாற்பத்திரண்டா? அரே, அது இப்ப என் நம்பரே இல்லடி. என்னைப் பேக்கிங்குக்கு மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆலங்காயத்துலேந்து ஒரு பொண்ணு வருது, அதுகிட்ட குடுத்துட்டாங்க. அது பேருகூட எனக்குத் தெரியாது."

பெயர் தெரியாத ஓர் ஆலங்காயத்துப் பெண்ணுக்காகத்தான் லெஸ்டர் கடைத்தெருவில் நின்று நான் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

சைஸ் பார்க்காமல் வாங்கினாய் என்று வெளியே தெரிந்தால் நம் மேஜைக்கே அசிங்கம் என்று தில்ஷாத் என்னை நன்றாகத் திட்டினாள். சோல்கூடத் தேயாத ஷூவை இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். எட்டாம் நம்பர்தானே, எங்கள் வீட்டுக்காரருக்கு எட்டுதான், அனுப்பு என்றாள். நிச்சயமாக எட்டுதானா என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா, செக்கருக்கே சைஸ் சொல்லித்தர வந்துவிட்டாயா என்றாள்.

என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர் வேலூருக்கு லீவில் கிளம்பினார். அவர் பெட்டியில் ஷூவைத் துணி சுற்றி வைத்து அனுப்பினேன். ஆம்பூரில் பிறந்த ஷூ லெஸ்டர் பெஞ்சில் அஞ்சு மாசம் காற்று வாங்கிவிட்டு, விமானத்தில் திரும்பி, வேலூர் லாங் பஜாரில் அந்த நண்பரின் அண்ணன் கடையில் கைமாறி, மறுபடி ஆம்பூர் போய்ச் சேர்ந்தது.

6

புது ஷூ வாங்கப் போனபோது என்னை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். தேர்ந்தெடுத்தவள் யாழினி. வலைத்துணி, அதில் ஒட்டிப் பிரிக்கிற பட்டை, பழைய பாட்டிலை உருக்கிச் செய்ததாம். தோல் என்று சொல்ல அதில் ஒரு விரல்கடை கிடையாது. கையில் எடுத்த உடனே பார்த்தேன். தையல் கோணல். பசை வழிந்து காய்ந்திருக்கிறது. இடதும் வலதும் ஒரே நிறம் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். மோந்து பார்த்தேன், புதுப் பிளாஸ்டிக் குடத்தின் வாசனை. எங்கள் மேஜைக்கு வந்திருந்தால் ஆரோ ஒட்டவே இடம் போதாது.

வாயைத் திறக்கவில்லை. கீழே உட்கார்ந்து, கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தி, சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இங்கே இடிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கண்ணைக் காட்டச் சொன்னேன். கண் காய்ந்திருந்தது. வாங்கிவிட்டோம்.

காயம் ஆறியபிறகு இப்போது நிஜமாகவே நடக்கிறார். பஞ்சாபித் தாத்தாவும் கூட நடக்கிறாராம், பெஞ்சில் தனியாக உட்கார அவருக்குப் பேஜாராக இருக்கிறதாம். போன வாரம் பார்த்ததில் சர்க்கரை கொஞ்சம் கம்மி. யாழினி, இது அந்த வீகன் ஷூவால்தான் என்கிறாள். வீட்டுக்காரர், மாத்திரையால் என்கிறார். நான் பெருமாளிடம் போய் நின்று, பேசியதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, இரண்டு மடங்கு துளசி வைத்தேன். அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். அவர் நிம்மதியாகப் படுத்திருக்கிறார், தாயார் அவர் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாராவாரம் சூடம் காட்டிய படம்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தில்ஷாத் கூப்பிட்டாள். ஷூ வந்து சேர்ந்துவிட்டதாம். காலையில் அவள் வீட்டுக்காரர் போட்டுப் பார்த்தாராம்.

"எப்படி இருக்குன்னாரு?" என்று கேட்டேன்.

"கச்சிதமா இருக்குன்னாரு. உன் பாசத்தை நினைச்சு அந்த மனுஷன் கண்ணே கலங்கிடுச்சு, தெரியுமா?"

"தில்ஷாத், போனை வச்சுட்டு முதல்ல போய் அவரு சாக்ஸைக் கழட்டிப் பாருடி."